கயிறும் கருவியும் கையும்

ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில், சிங்கப்பூர் நீரிணை வாய் திறக்கும் இடத்தில் அமைந்திருக்கும் பெங்கேராங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்தின் வடிகோபுரங்களையும், அவற்றைச் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படிகளையும், படிகள் எட்டாத இடங்களில் கயிற்றில் தொங்கியவாறே குழாய்களைச் சோதிக்கும் மனிதர்களையும் மனத்தில் நிறுத்திக்கொண்டால், இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயவிருக்கும் விஷயம் வெறும் மலையேற்றக்காரர்களின் பொழுதுபோக்கைச் சேர்ந்ததன்று என்பது விளங்கிவிடும். அத்தகைய கோபுரம் ஒன்றில், தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில், 80 கிலோ எடையுள்ள ஒருவர் வெயிலின் உக்கிரத்தால் மூர்ச்சித்து, உடலில் பூட்டிய ஹார்னஸ் பட்டைகளிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயற்பியல் நூலார் அவரிடம் சுமார் 23,500 ஜூல் நிலையாற்றல் உள்ளது என்பர். கயிறு இல்லாமல் விழுந்தால் இரண்டரை நொடிக்குள், மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில், அவர் தரையைத் தொடுவார். ஆனால் அதே 23,500 ஜூலை வெப்பமாக மாற்றி அடுப்பில் செலவிட்டால், தேநீருக்காக வைத்த அரைக் கோப்பை நீரைக் கொதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். ஆளைக் கொல்லும் வீழ்ச்சியும் அரைக் கோப்பை வெந்நீரும் சக்திக் கணக்கில் ஒன்றே என்ற இந்த விந்தையின் மீதுதான், கயிற்றில் இறங்கும் கலை முழுவதும் நிற்கிறது.

தொழிலாளர்கள் டிசெண்டர் என்று வழங்கும் இறங்கு கருவிக்கு உள்ள ஒரே கடமை, அந்தச் சக்தியை ஒரே கணத்தில் எலும்பின்மீது இறக்கிவிடாமல், ஒரு நிமிஷ காலத்தில், மனிதனுடைய இச்சைக்குக் கட்டுப்பட்ட விகிதத்தில், உஷ்ணமாக மாற்றிக் காற்றிலும் கயிற்றிலும் கரைத்துவிடுவதாகும். கருவி பளுவைத் தாங்குகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். கருவிக்குள் நுழையும் கயிற்றில் முழுப் பளுவும் இருக்கிறது. வெளியேறும் கயிற்றில் அதன் ஒரு சிறு பங்கு எஞ்சியிருக்கிறது. அந்தச் சிறு பங்கை ஒரு கையோ, கையின் வேலையைச் செய்யும் ஒரு நெம்புகோலோ தாங்கியாக வேண்டும். கயிறு, கருவி, கை என்ற மூன்றும் சேர்ந்ததே முழுமையான யந்திரம். மூன்றில் ஒன்றை மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் நம்புவதிலிருந்துதான் பெரும்பாலான விபரீதங்கள் பிறக்கின்றன என்பது என் துணிபு.

அந்தச் சிறு பங்கு எவ்வளவு சிறியது என்பதை அறிய விரும்புவோர் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போய், கரையோரத்தில் நடப்பட்டிருக்கும் இரும்புக் குற்றிகளைப் பார்க்கலாம். பல்லாயிரம் டன் கப்பலின் வடத்தை அக்குற்றியில் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, நுனியை ஒரே ஆள் அலட்சியமாகப் பிடித்து நிற்பது கடற்றுறைகளில் பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதையும் அவருக்குப் பின் ஐடெல்வைன் என்ற ஜெர்மானியப் பொறியியலாரும் இதற்குக் கணக்கு வகுத்தார்கள். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், கயிறு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஒரு கிலோ பிடி ஆறரைக் கிலோவைத் தாங்கும். இரண்டு சுற்றில் 43 கிலோவை. மூன்று சுற்றில் 286 கிலோவை. சுற்றுகள் கூடக் கூட அது கூட்டல் கணக்காக வளராமல் பெருக்கல் கணக்காக வளர்கிறது. குற்றியின் பருமனுக்கு இதில் பங்கில்லை என்பது மற்றோர் அதிசயம். சுற்றிய கோணமும் உராய்வும் மட்டுமே பேசுகின்றன.

பெருக்கல் கணக்கு ஏறுகிறபோது மகிழ்ச்சி தருவது போலவே இறங்குகிறபோது பயங்கரமாக இறங்கும். அதே மூன்று சுற்றில் உராய்வுக் குணகம் 0.3-இலிருந்து 0.2-க்குக் குறைந்தால், 286 என்பது 191 ஆகும் என்றுதான் நம் மனம் எதிர்பார்க்கும். உண்மையிலோ அது 43 ஆகிவிடுகிறது. கயிறு ஏறக்குறைய ஒன்றேகால் சுற்று மட்டுமே வளைகிற ஓர் இறங்கு கருவியில், 80 கிலோ மனிதரைத் தாங்க முதல் நிலையில் கைக்கு ஏழரைக் கிலோ போதும். இரண்டாவது நிலையில் பதினாறரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். கருவி மாறவில்லை, ஆள் மாறவில்லை, கயிற்றின் வழவழப்பு மட்டும் மாறியது. ஆகவேதான் கடையிலிருந்து அன்றைக்கே வந்த புத்தம்புதுக் கயிறு, பார்வைக்கு எவ்வளவு உத்தமமாக இருந்தாலும், இறங்கு கருவியில் எதிர்பாராத வேகத்தில் ஓடும். நெசவின்போது இழைகளில் பூசிய மசகு அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. முதற் பிரயோகத்துக்கு முன் அதை நல்ல நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தச் சொல்லும் உற்பத்தியாளர்கள், அதனால் கயிறு நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சுருங்கும் என்பதையும் சொல்கிறார்கள். 60 மீட்டர் என்று நம்பி இறங்கியவருக்கு 57 மீட்டரில் கயிறு முடிந்துவிடுவது சிறிய வித்தியாசமன்று. கயிற்றின் கீழ் நுனியில் ஒரு முடிச்சைப் போட்டு வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் அந்த முடிச்சில்லாத நுனியைத் தாண்டி வழுகி விழுந்து மாண்டவர்களில் கைதேர்ந்தவர்களும் உண்டு.

விட்டத்தின் விஷயமும் இத்தகையதே. கருவியின் உடலில் 10 முதல் 11.5 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தால், 9 மில்லிமீட்டர்க் கயிறு அதில் வழுக்கும், 13 மில்லிமீட்டர்க் கயிறு திணறும்.

கருவிகளின் வரலாற்றை இங்கே விரிக்க இடமில்லை. 1879-இல் ஆல்ப்ஸ் மலையின் பெத்தீ துரூ சிகரத்தை ஏறி வென்ற ஷார்லே என்ற பிரெஞ்சு வழிகாட்டியே இரட்டைக் கயிற்றில் வழுகி இறங்கும் முறையை முதலில் கையாண்டவர் என்று மலையேற்ற வரலாறு கூறும். அவருக்குப் பின் வந்த டுல்ஃபர், கயிற்றைத் தொடையிலும் தோளிலும் சுற்றித் தம் உடம்பையே இறங்கு கருவியாக்கினார். அந்த முறையில் வெந்துபோவது கருவியின் உலோகமன்று, இறங்குகிறவரின் தோல். பின்னர் 8 என்ற எண்ணின் வடிவில் ஓர் அலுமினிய வளையம் வந்தது. இன்றும் பல மீட்புக் குழுக்களின் பைகளில் அது கிடக்கிறது. எளிமையில் அதை விஞ்சிய கருவி இல்லை. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாததால் பழுதாகவும் அதில் அதிகமில்லை. ஆனாலும் கயிற்றை முறுக்கிவிடும் அதன் குணமும், பளு சற்றே தளர்கிறபோது கயிறு வளையத்தின் தலைக்கு மேலேறிச் சுருக்காகி இறங்குவோரை அந்தரத்தில் நிறுத்திவிடும் அதன் துர்க்குணமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கையை விட்டால் ஆளையும் விட்டுவிடும் அதன் இயல்பும் காரணமாக, இரண்டு பேரின் பளுவோடு இறங்கும் மீட்புப் பணிக்கு அதை நான் விரும்பேன். சுருக்கு விழுவதைத் தடுக்க இரு பக்கமும் காதுகள் வைத்த பெரிய எட்டு பின்னால் செய்யப்பட்டது. அதன் மூன்றாவது குறை அப்படியே இருக்கிறது.

கையை விட்டாலும் ஆளை விடாத கருவி வேண்டும் என்று தேடியவர்கள் முதலில் கண்ட வழி மிகவும் நியாயமாகத் தோன்றியது. பிடியை அழுத்தினால் கயிறு ஓடும், கையை எடுத்தால் உருளை சுழன்று கயிற்றைக் கவ்விக்கொள்ளும். மயங்கினாலும் அடிபட்டாலும் மனிதன் தானாக நின்றுவிடுவான். தர்க்கத்தில் குறையில்லை. மனித சுபாவத்தை மட்டும் அதில் கணக்கில் சேர்க்கவில்லை. திடுக்கிட்ட மனிதன் கையை விடுவதில்லை. கையில் அகப்பட்டதை இறுகப் பற்றுகிறான். வேகமாகக் கீழே போகிறோம் என்று உணர்ந்த கணத்தில் அவன் விரல்கள் பிடியை இன்னும் அழுத்தும். கருவி இன்னும் திறக்கும். வேகம் இன்னும் கூடும். தப்புவதற்காக அவன் செய்வதே அவனைத் தள்ளிவிடுகிறது. இதைக் கண்டபின் பிறந்ததுதான் இன்றைய மீட்புக் கருவிகள் பலவற்றில் உள்ள அச்சத் தடுப்புப் பிடி. அதை மெல்ல இழுத்தால் கயிறு நகரும். ஓர் எல்லைக்கு மேல் இழுத்தால் உள்ளே ஒரு பல் விடுபட்டுப் பிடி வெறுமனே சாய, கவ்வி மீண்டும் பூட்டிக்கொள்ளும். விட்டாலும் நிற்கும், மிகையாக இழுத்தாலும் நிற்கும். நடுவிலுள்ள ஒரு சிறு இடைவெளியில் மட்டுமே இறக்கம் உண்டு. ஓர் உலோகத் துண்டுக்குள் மனிதனின் பயத்தையே ஓர் அளவாகக் கணக்கிட்டு அமைத்த இந்த ஏற்பாட்டை, யந்திர நூலின் சிறந்த பக்கங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

எனினும் இத்தகைய கருவியை நம்பி, வெளியேறும் கயிற்றின் மீதிருந்து மற்றக் கையை எடுத்துவிடுகிறவர், பல்லும் வில்லும் என்றும் புதிதாகவே இருக்கும் என்று எண்ணுகிறார். கீழ்க்கயிற்றில் எப்போதும் ஒரு கை இருக்க வேண்டும் என்ற விதி எட்டு வளையத்துக்கு எப்படியோ அப்படியே இதற்கும் பொருந்தும். பிடி வேகத்தைத் தொடங்கி வைக்கிறது. வேகத்தை ஆளுவது கீழ்க்கைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தரையில் நிற்கும் ஒருவர் தொங்கும் கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கினால் பெரும்பாலான கருவிகளில் இறக்கம் நின்றுவிடும். பயிற்சியின்போது புதியவர் ஒருவர் இறங்குகையில் கீழே அப்படி ஒருவரை நிறுத்துவது தீயணைப்பு வீரர்களின் பழைய வழக்கம்.

இனி மீட்பவர் மூர்ச்சித்தவரைத் தம் ஹார்னஸோடு இணைத்துக்கொண்டு இறங்குகிறார். தளவாடங்களோடு சேர்த்துப் பளு 200 கிலோ என்று கொள்வோம். 30 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 59,000 ஜூல். அரைக் கிலோ எடையுள்ள அலுமினியக் கருவியிலேயே அது முழுவதும் தங்கினால் அதன் உஷ்ணநிலை 130 டிகிரி உயரும். ஜொகூரின் பகல் வெப்பத்தோடு கூட்டினால் 160 டிகிரி. நொடிக்கு அரை மீட்டர் என்று நிதானமாக இறங்குகிறவருக்கு ஒரு நிமிஷ அவகாசம் இருக்கிறது; அதற்குள் கயிறும் காற்றும் தத்தம் பங்கை வாங்கிக்கொள்ளும். நொடிக்கு 2 மீட்டர் பாய்ந்து 15 நொடியில் இறங்குகிறவரின் கருவியிலோ நான்கு கிலோவாட் அளவில் வெப்பம் பொங்குகிறது, போக வழியில்லாமல். மீட்புக் கயிறுகளில் மிகுதியும் பயன்படும் நைலானில் ஒரு வகை 215 டிகிரியை ஒட்டி உருகும். உருகுமுன்பே வலிமை தளரத் தொடங்கிவிடும். சில மெல்லிய பட்டைகளில் வரும் உறுதிமிக்க பாலிஎத்திலீன் இழையோ 145 டிகிரி அளவிலேயே உருகிவிடும். ஆகையால் சூடேறிய கருவியைப் பட்டைமீது சாய விடலாகாது. கயிறு ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒவ்வோர் அங்குலமும் சூட்டைக் கணநேரமே தொடுகிறது. வேகமாக ஓடிவந்து சட்டென்று நின்றால்தான் ஒரே இடம் காய்ந்த உலோகத்தில் வைத்து அழுத்தப்படுகிறது. பிறகு அந்தக் கயிற்றைப் பார்த்தால் அவ்விடத்தில் உறையின் இழைகள் ஒன்றோடொன்று இளகி ஒட்டி, கண்ணாடிபோல் பளபளப்பது தெரியும்.

நிதானமாக இறங்க வேண்டும் என்றதனால், நிதானமாகத் தொடங்கலாம் என்று பொருளில்லை. அசைவற்றுப் பட்டைகளில் தொங்குகிறவருடைய கால்களில் இரத்தம் தேங்கி, இருதயத்துக்குத் திரும்பும் அளவு குறைந்து, சில நிமிஷங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே உயரத்தில் கயிற்றுப் பணி நடக்கும் இடத்தில் மீட்புக்கான கருவி முன்கூட்டியே கயிற்றில் கோத்துத் தயாராக இருப்பதே முறை; தீயணைப்பு, மீட்புத் துறையினரின் வண்டி வரும் வரை காத்திருக்கலாம் என்பதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

இறங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முந்தியது. 2025 ஜூலை 26 அன்று, நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சாலையில் நிலம் திடீரென்று உள்வாங்கி ஒரு காரை அதை ஓட்டிவந்த பெண்மணியோடு விழுங்கியபோது, அருகில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள், அவர்களுடைய மேற்பார்வையாளராகிய தமிழர் ஒருவரின் தலைமையில், குழிக்குள் குதிக்கவில்லை. நைலான் கயிற்றை வீசி, அதை அந்தப் பெண்மணியே பற்றிக்கொள்ளச் செய்து, சில நிமிஷங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். கரை இன்னும் சரியக்கூடிய குழியில் இன்னொருவர் இறங்கினால் மீட்க வேண்டியவர் இருவராகிவிடுவார். அதே ஊரில் 1983 ஜனவரி 29 அன்று, எண்ணெய்த் துளைப்புக் கப்பலொன்றின் கோபுரம் செந்தோசாத் தீவுக்குச் செல்லும் கம்பிவடத்தில் சிக்கி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து எழுவர் மாண்டனர்; மற்ற நான்கு பெட்டிகளில் அந்தரத்தில் அகப்பட்ட 13 பேரை ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் இறங்கிய வீரர்கள் இரவோடிரவாக மீட்டார்கள். அங்கே இறங்குவதைத் தவிர வேறு உபாயமில்லை.

பரிசோதனைக்கு வருவோம். இங்கேதான் ஜொகூரின் மண்ணும் கடலும் காற்றும் தம் வேலையைக் காட்டுகின்றன. 1,276 மீட்டர் உயர்ந்த லேடாங் மலை கருங்கல்லால் ஆனது. அதில் கயிற்றுப் பயிற்சி முடித்து வரும் குழுவின் கயிற்றுறையில், அக்கல் சிதைந்து உண்டான குவார்ட்ஸ் மணல் புகுந்திருக்கும். குவார்ட்ஸ் அலுமினியத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. மணல் ஏறிய கயிறு கருவிக்குள் ஓடும்போதெல்லாம் உலோகத்தை அராவிக்கொண்டே ஓடுகிறது. முதலில் கருவியின் வண்ணப் பூச்சுப் போய் வெள்ளை உலோகம் தெரியும், அது கவலைக்குரியதன்று. பிறகு கயிறு போகும் தடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் இரு கரைகளிலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கரை உருண்டையாக இருந்தால் இன்னும் சில காலம் பார்க்கலாம். நகத்தில் மாட்டும் கூர் விளிம்பாகிவிட்டால், அது இனிமேல் கயிற்றைத் தாங்கும் கருவியன்று, கயிற்றின் உறையை அறுக்கும் கருவி. சில கருவிகளில் தேய்மானத்தின் எல்லையைக் காட்டும் குறியே வார்க்கப்பட்டிருக்கும். இல்லாதவற்றுக்கு உற்பத்தியாளரின் கையேட்டில் அளவு இருக்கும். அதை ஊகிக்கலாகாது.

அசையும் உறுப்புகளை உடைய கருவியில் இன்னும் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். பக்கத் தகடு இரண்டும் வளையாமல் இணையாக நிற்கின்றனவா, கவ்வி தன் அச்சில் தடையின்றிச் சுழன்று வில்லின் விசையால் தானே திரும்புகிறதா, பிடியை விட்டதும் அது முழுவதும் பழைய இடத்துக்கு வருகிறதா, அச்சாணித் தலைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பாசிர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் போன்ற துறைமுகப் பகுதிகளில் பயன்பட்ட கருவியானால், எஃகு அச்சாணி அலுமினிய உடலைத் தொடும் இடத்தில் வெண்பொடி பூத்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இரு வேறு உலோகங்களின் நடுவே உப்பு நீர் தங்கினால் அலுமினியம் அரிக்கப்படுவது மின்வேதியியல் விதி. நன்னீரில் அலசித் துடைத்து உலர்த்துவதை அன்றைக்கே செய்ய வேண்டும். கீழே விழுந்த அலுமினியக் கருவிக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விழுந்த கொக்கிகளை இழுத்துச் சோதித்தவர்கள் அதற்கு வலுவான ஆதாரம் காணவில்லை. இருந்தபோதிலும், உயரத்திலிருந்து விழுந்த கருவியைத் தகுதியுள்ளவர் பார்க்கும் வரை ஒதுக்கிவைப்பதே சரி. வளைந்த தகடும் நெளிந்த அச்சாணியும் கற்பனைகள் அல்ல.

கயிற்றைக் கண்ணால் மட்டும் சோதிக்க இயலாது. 1953-இல் ஜெர்மனியில் உருவான உறையும் கருவும் கொண்ட அமைப்பில்தான் இன்றைய மீட்புக் கயிறுகளில் பெரும்பாலானவை நெய்யப்படுகின்றன. வலிமையின் பெரும்பகுதி கருவில் இருக்கிறது, கருவோ உறைக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே மெல்ல ஓட்டி, திடீரென்று மெத்தென்றாகும் இடத்தையும், கட்டிதட்டிய இடத்தையும், மடித்தால் கூர்மையாக மடியும் இடத்தையும் விரலே கண்டுபிடிக்க வேண்டும். அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு ஒரு மாறுதலும் காட்டாமலேயே இற்றுப்போகலாம். வண்டியில் பேட்டரிக்குப் பக்கத்தில் கயிற்றுப் பையை வைக்கிற வழக்கம் எங்கிருந்தாலும் அது உடனே ஒழிய வேண்டும். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் புகையால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதை அறிந்தவர்களுக்கு, தொழிற்பேட்டை ஒன்றில் கயிறு எதைத் தொட்டது என்று கேட்பது அநாவசியமாகத் தோன்றாது.

இவ்வளவும் மேசையில் வைத்துச் செய்யும் சோதனை. ஒவ்வொரு முறையும் இறங்குமுன் செய்ய வேண்டியது வேறு: கயிற்றைக் கருவியில் கோத்தபின், மேல் முனை எது, கீழ் முனை எது என்று கருவியில் பொறித்த படத்தோடு ஒப்பிட்டு, தனி நங்கூரத்தில் கட்டிய இரண்டாவது கயிற்றில் காப்புக் கருவி பூட்டியிருக்க, நிற்கும் தளத்தை விட்டு நீங்காமலே உடல் எடை முழுவதையும் கருவிமீது சாய்த்து, பிடியை விட்டுப் பார்க்க வேண்டும். அது நிற்க வேண்டும். தலைகீழாகக் கோத்த கயிறு இந்தச் சில நொடிகளில் வெளிப்பட்டுவிடும். இங்கே வெளிப்படாவிட்டால் அந்தரத்தில்தான் வெளிப்படும். கோத்தவரைத் தவிர இன்னொருவர் அதைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. நம் கையால் செய்த தவறை நம் கண் எளிதில் காண்பதில்லை.

தொழில்முறைக் கயிற்றுப் பணிக்கு விதி வகுக்கும் இராட்டா என்ற சர்வதேச அமைப்பு, தகுதியுள்ள ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் இக்கருவிகளை விரிவாகச் சோதித்து எழுதிவைக்க வேண்டும் என்கிறது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பணியிடத்தின் பாதுகாப்புக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. எழுதிவைக்கும் புத்தகத்தில் கருவியின் வரிசை எண்ணும், செய்த ஆண்டும், எங்கே எதற்குப் பயன்பட்டது என்பதும், சோதித்தவர் கையொப்பமும் இருக்க வேண்டும். தொண்டூழியக் குழுக்களுக்கு நல்ல மனத்தோடு சிலர் பழைய கயிறுகளையும் கருவிகளையும் அன்பளிப்பாகத் தருவதுண்டு. வரலாறு தெரியாத பொருளை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஆளைத் தொங்கவிடும் பணியில் சேர்க்கலாகாது. கழித்த கயிற்றைப் பையின் அடியில் போட்டு வைக்காமல், ஓரிரண்டு மீட்டர்த் துண்டுகளாக வெட்டி முடிச்சுப் பழகக் கொடுத்துவிடலாம். கழித்த இறங்கு கருவியை வாளால் இரண்டாக அறுத்துவிட வேண்டும். மறுநாள் வேறொரு குழுவினர் அவசரத்தில் அதே பெட்டியைத்தான் திறப்பார்கள்.